சேதி இல்லாத சைக்கிள்

மழை பிடித்துக்கொண்டால் ஆரோக்கியராஜுக்கு வீட்டில் கால் தரிக்காது. திண்டிவனத்தில் மற்றவர்களெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, புயல் எங்கே நிற்கிறது என்று டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்த மனிதர் யூரியா சாக்கு ஒன்றைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார். செல்போனைப் பாலிதீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகுவார். சைக்கிளை வாசலில் இறக்குவார். மகள் கலைமதி பெங்களூரிலிருந்து நல்ல ரெயின்கோட் ஒன்று அனுப்பித்தான் இருக்கிறாள். அதைப் போட்டால் மழைக்கு நனையாமல் வியர்வைக்கு நனைய வேண்டியிருக்கிறது என்று அது ஆணியிலேயே தொங்குகிறது. ரயில்வே பென்ஷன் வாங்குகிற ஆள் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போவதைப் பார்த்து எதிர்வீட்டார் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

ஆரோக்கியராஜ் கேட் கீப்பராக இருந்தவர். பேரணி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ரயில்வே கேட்தான் அவர் உத்தியோகம். வாழ்நாளில் பெரும்பகுதியை மற்றவர்கள் போவதைப் பார்ப்பதிலேயே கழித்துவிட்டார். ரயில் போகும், கரும்பு லாரி போகும், கல்யாண வேன் போகும். இவர் பச்சைக் கொடியும் கையுமாக அதே இடத்தில் நிற்பார். வெயிலில் நிற்பதைப் பற்றி அவருக்குக் குறை கிடையாது. மழைக்காலத்தில்தான் வயிற்றெரிச்சலாக இருக்கும். ரோட்டில் தேங்கிய தண்ணீரில் எவனாவது இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு சைக்கிளை விடுவான். சக்கரம் இரண்டு பக்கமும் தண்ணீரை விசிறிக்கொண்டு போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருக்கும். ஓடவில்லை, கவர்ன்மெண்டு வேலையாயிற்றே.

ஓய்வு பெற்ற வருஷமே மனைவி ஜெசிந்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். சர்ச்சுக்குப் பின்னால் கட்டிய சின்ன வீட்டில் இரண்டு பேர் இருக்கலாம் என்று போட்ட கணக்கு அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகள் போன் செய்வாள், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பாள். அதோடு சரி. மற்ற நாட்களில் பால்காரனிடம் ஒரு வார்த்தை, கடைக்காரனிடம் ஒரு வார்த்தை. சில நாள் சாயங்காலம் தும்மினால் தன் சத்தமே தனக்குப் புதிதாக இருக்கும். தனிமைக்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? அவர் தனியாக இருந்தார், அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மழையில் சைக்கிள் விடும்போது மட்டும் தனியாக இருப்பது பிடித்திருந்தது. அங்கே தனியாக இருப்பதுதானே முறை.

ஹைவேயை விட்டு இறங்கிவிட்டால் போதும், பிறகு அவர் ராஜாதான். கார்த்திகை மழைக்கு ரோடு கழுவி விட்டது போல் கறுத்துக் கிடக்கும். எதிரே ஒரு வண்டி வராது. சவுக்குத் தோப்பு ஓரமாகப் போகும்போது மழை நின்ற பிறகும் உள்ளே தனியாக ஒரு மழை சொட்டிக்கொண்டிருக்கும். நடவு முடிந்த கழனிகளில் கொக்குகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். தூரத்தில் மயிலம் மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். பிரேக் பிடிக்காது, செருப்பு வழுக்கும், மட்கார்டில் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் முனகும். இறங்கி ஒரு குச்சியால் நோண்டிவிட்டு மறுபடி ஏறுவார். தரைப்பாலத்தில் ஏரித்தண்ணீர் ஓடினால் அன்றைக்குத் திருவிழா. இந்தப் பக்கமிருந்தே வேகம் பிடித்து, நடுவில் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு, "ஹோய்" என்று ஒரு சத்தம் வேறு. அறுபதைத் தாண்டிய ஆள் செய்கிற வேலையா இது? பார்க்க யாருமில்லை என்ற தைரியம்தான்.

கூட்டேரிப்பட்டில் டீக்கடை வைத்திருக்கும் முனியம்மாளுக்குத்தான் இது பெரிய தலைவலி. ஒரு மனிதன் மழையில் நனைந்துகொண்டு எங்கே போகிறான் என்று தெரியாமல் அவளுக்கு டீ ஆற்ற ஓடாது.

"எங்க போய்க்கினு கீறீங்க, இந்த மழையில?"

"சும்மாதான்" என்று முதல் நாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். முனியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று அவள் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. அதிலிருந்து பொய்தான். ஒரு நாள் உரக்கடைக்கு என்பார், ஒரு நாள் பேங்குக்கு என்பார். இல்லாத கொழுந்தியாளுக்குக் காய்ச்சல் என்றுகூட ஒரு முறை சொல்லியாயிற்று. அடுத்த முறை முனியம்மாள் மறக்காமல், "காச்சல் வுட்டுச்சா?" என்று கேட்டபோது, எந்தக் காய்ச்சல் என்று முழித்தார்.

மழையில் போகிறவன் காரியம் இல்லாமல் போக மாட்டான் என்று முனியம்மாள் நினைப்பதில் தப்பில்லை. அதை ஆரோக்கியராஜைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

அவர் அப்பா சின்னப்பன், அந்தக் கேட்டை ஒட்டிய ஊரின் காலனிக்காரர். ஊரில் யார் செத்தாலும், வெளியூரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் பங்காளி வீட்டுக்கும் சேதி சொல்லப் போக வேண்டியது அவர்தான். பிடித்தால் செய்வது, பிடிக்காவிட்டால் விடுவது என்கிற வேலை அல்ல அது. முடியாது என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் குடியிருக்க முடியாது. கிழடு கட்டைகள் அதிகம் போவதும் இந்த மழைக்காலத்தில்தான். நனைந்துகொண்டே போவார், நனைந்துகொண்டே வருவார். வந்து வேட்டியைப் பிழியும்போது மழையை அவர் திட்டாத திட்டு இல்லை.

அந்த வேலைக்கென்று ஒரு முறை இருந்தது. சாவுச் சேதி கொண்டுபோகிறவன் மணி அடிக்கக் கூடாது. தெருமுனையிலேயே இறங்கிவிட வேண்டும். தலையில் இருப்பதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே பேசாமல் நிற்க வேண்டும். வீட்டுக்காரர்கள் பார்த்ததுமே புரிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளே வா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இறங்கித் தள்ளுவது சேதிக்காக மட்டும் ஏற்பட்டதும் இல்லை. சேதி இல்லாத நாளிலும் காலனிக்காரன் ஊர்த்தெருவில் சைக்கிள் ஏறிப் போக முடியாத காலம் அது.

அதே மழையில், அதே ரோட்டில், யாருடைய சாவையும் சுமக்காமல் போகிறோம் என்பதுதான் ஆரோக்கியராஜுக்குச் சுகம். இதை முனியம்மாளிடம் எப்படிச் சொல்வது?

சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். தாண்டவராயன். அதே ஊரின் ஊர்த்தெருக்காரர், சொந்த நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர். வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கழனி இந்தப் பக்கம். கேட் மூடியிருந்தால் கேபினுக்கு வந்து உட்காருவார். கேட் திறந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். இப்படியே இருபது வருஷம் ஓடிப் போயிற்று. அவர் மடியிலிருந்து அவித்த மல்லாட்டைக் கடலையை எடுத்து வைப்பார், இவர் ஸ்டவ்வில் டீ போடுவார். முதலில் 'ஐயா' என்று கூப்பிட்ட ஆரோக்கியராஜ் எந்த வருஷத்தில் 'அண்ணே' என்று மாறினார் என்பது இரண்டு பேருக்குமே நினைவில்லை. தாண்டவராயன் இவரைக் கடைசிவரை 'கேட்டுக்காரரே' என்றுதான் கூப்பிட்டார்.

ஓய்வு பெறுகிற அன்று தாண்டவராயன் சொன்னார்: "ஊட்டுக்கு வாங்க கேட்டுக்காரரே. எப்ப வேணும்னாலும் வாங்க. காரியம் இருந்தாத்தான் வரணும்னு இல்ல, சும்மா வாங்க."

மூன்று வருஷமாக ஆரோக்கியராஜ் போகவில்லை. அந்த ஊருக்கு ஒரு கூப்பிடு தூரம் வரைக்கும் போவார். ஏரிக்கரையில் நின்று கலங்கலில் உபரித் தண்ணீர் வழிவதைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். உலகத்தில் அவரைச் சும்மா வரச் சொன்ன வீடு அது ஒன்றுதான். போய்ப் பார்த்து, அது வாய்வார்த்தைதான் என்று ஆகிவிட்டால் அதுவும் இல்லாமல் போய்விடும். போகாத வரைக்கும் அந்த வீடு இருந்தது.

இந்த வருஷம் புயல் கரையைக் கடந்த மறுநாள், கரண்ட் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவருக்கே தன் மேல் எரிச்சல் வந்தது. பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார். முனியம்மாள் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி கேரியரில் கட்டினார். "ரேஷன் ஆபீசுக்கு" என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். ரேஷன் ஆபீசுக்கு எவன் வாழைப்பழம் கொண்டுபோவான் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் போயும் விட்டார்.

அன்றைக்குப் போன மாதிரி அவர் என்றைக்கும் போனதில்லை. வழியெல்லாம் ஏரிகள் தளும்பி நின்றன. தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர். இரண்டு பேர் பழைய புடவையை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள், "ஏறாதீங்க, இஸ்துக்கினு பூடும்" என்று கத்தினார்கள். இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தார். அதுகூட நன்றாக இருந்தது. மழை முகத்தில் அடித்தது, வாயைத் திறந்து குடித்தார். தாண்டவராயனிடம் என்ன சொல்வது என்று வழி நெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டே மிதித்தார். 'சும்மாத்தான் வந்தேண்ணே.' இதைச் சொல்ல இத்தனை ஒத்திகையா என்று சிரிப்பும் வந்தது.

ஊர்த்தெரு முனை வந்தது. ஆரோக்கியராஜ் இறங்கினார். இறங்க வேண்டும் என்று நினைத்து இறங்கவில்லை, கால் தானாக இறங்கிவிட்டது. கை தானாகத் தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், தாண்டவராயன் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றார். கூப்பிட வாய் வரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பேசாமல் நின்றார்.

மாட்டுக்கு வைக்கோல் அள்ளிக்கொண்டு வந்த தாண்டவராயன் அவரைப் பார்த்தார். வைக்கோல் கையிலிருந்து விழுந்தது.

"எப்ப?" என்றார்.

ஆரோக்கியராஜுக்குப் புரியவில்லை.

"எப்ப போனா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டவராயன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள், "ஐயோ, வெள்ளையம்மாக்கா" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். தெருவே கூடிவிட்டது.

அப்போதுதான் விளங்கியது. தாண்டவராயன் மனைவி வெள்ளையம்மாள் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மகன் செல்வகுமார் கூட இருக்கிறான். மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று இவர் மட்டும் ஊருக்கு வந்திருக்கிறார். புயலில் கரண்ட் போய், போனில் சார்ஜ் இல்லை. இராத்திரியெல்லாம் ஒரு தகவலும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர் முன்னால், மழையில், சின்னப்பன் மகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"அண்ணே, நான் சும்மா வந்தேண்ணே. உங்களப் பாக்க வந்தேன்."

"இந்த மழையில சும்மா எவனாச்சும் வருவானா? மறைக்காம சொல்லுய்யா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

ஆரோக்கியராஜ் பாலிதீன் பையைப் பிரித்துப் போனை எடுத்தார். வீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருந்த செல்வகுமார் நம்பரை வெளியிலிருந்தே எட்டிப் பார்த்துப் போட்டார். நல்ல வேளை, மணி அடித்தது. செல்வகுமார் எடுத்தான். அம்மாவுக்குப் பரவாயில்லை, காலையில் கஞ்சி குடித்தாள் என்றான். வெள்ளையம்மாளே வாங்கி, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டாள். தாண்டவராயன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. தாண்டவராயன் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மனசுல வெச்சிக்காதீங்க கேட்டுக்காரரே. உங்கள அங்க பாத்ததும் உங்க அப்பாரு வந்து நிக்கற மாரியே இருந்துச்சு. கொல நடுங்கிப் பூட்டேன்."

அவர் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார். ஆரோக்கியராஜுக்கு அது நேராகப் போய்த் தைத்தது. இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்த மனிதருக்கும், ஆபத்து என்று வந்தால் தான் சின்னப்பன் மகன்தான். அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. தெருமுனையில் இறங்கியது யார்?

"உள்ள வாங்க, துணிய மாத்துங்க. டீ போடறேன்."

"ஈரமா கீறேண்ணே. அண்ணி நல்லாயி வரட்டும், இன்னொரு நாள் வர்றேன்."

திரும்பும்போதும் அதே மழைதான், அதே ஏரிகள்தான். குளிர்ந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் வாழைப்பழம் கேரியரிலேயே இருந்தது. ஒரு சீப்புப் பழத்தையும் ஒருவராகத் தின்றுதான் தீர்க்க வேண்டியிருந்தது. கடைசிப் பழம் கறுத்தே போய்விட்டது.

அதன் பிறகு மழை பெய்தபோதெல்லாம் ஆரோக்கியராஜ் டிவி பார்த்தார். கலைமதி போனில் இதைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான்பா எனக்கு நிம்மதி, இப்பிடியே ஊட்டோட இருங்க" என்றாள். சரி என்றார். மார்கழி பிறந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கியது. இவரும் ஒன்று கட்டினார், பல்பு போடத் தோன்றவில்லை. சைக்கிள் செயின் துருப்பிடித்துச் சிவப்பாக நின்றது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், விடிந்தும் விடியாத மந்தாரத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. பால் எடுக்கக் கதவைத் திறந்தவர் தெருவைப் பார்த்து நின்றார். வீட்டுக் கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். தலையில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. செல்வகுமார்.

அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆரோக்கியராஜுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வீட்டு வாசலில் அப்பா இப்படி நின்றிருப்பார். எதிர்ப்பக்கத்தில் நின்று இதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எப்பப்பா?" என்றார்.

"ராத்திரிங்க. ஊட்டுக்கு கொண்டாந்துட்டோம். சாயங்காலம் எடுக்கறோம்."

"நம்பர் இருந்துச்சே தம்பி. இந்த மழையில இவ்ளோ தூரம் வரணுமா? ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"போட்டுடலாம்னுதான் சொன்னேங்க. அப்பா கேக்கல. மத்தவங்களுக்கு போன் போடு, அவருக்கு நீயே நேர்ல போயி சொல்லிட்டு வான்னுட்டாரு. சர்ச்சுக்குப் பின்னாடின்னாரு, கேட்டுக்கினு வந்தேன்." அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "என் மாமனார் ஊட்டுக்கும் அப்பிடியே நேர்ல சொல்லணும். வர்றேங்க."

துக்கம் சொல்ல வந்தவன் உட்காரக் கூடாது, இவரும் உட்காரச் சொல்லவில்லை. பைக் திரும்பித் தெருவைத் தாண்டிப் போகும்வரை ஆரோக்கியராஜ் பால் பாக்கெட்டைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். சம்பந்தி வீட்டுக்குச் சொல்கிற மாதிரி தனக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே இறங்கியது. ஜெசிந்தா செத்தபோதுகூட இப்படி அழவில்லை என்று நினைக்கும்படி ஒரு அழுகை வந்தது. வெள்ளையம்மாளுக்காக அழுதாரா, தனக்காக அழுதாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

செயினுக்கு எண்ணெய் விட்டார். சாக்கைத் தேடி எடுத்துக் கொங்காணி போட்டார். கூட்டேரிப்பட்டில் மாலை வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தபோது முனியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க, ரொம்ப நாளா ஆளயே காணும்? எங்க போய்க்கினு கீறீங்க?"

"எங்க அண்ணி தவறிட்டாங்க. சாவுக்குப் போறேன்."

இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எந்தப் பொய்யையும் முழுசாக நம்பாதவள், இதை உடனே நம்பினாள். ஒரு டீயை ஆற்றிக் கையில் கொடுத்தாள்.

ரோடு கறுத்துக் கிடந்தது. சவுக்குத் தோப்பு உள்ளுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மழை முகத்தில் அடித்தபோது பழைய சுகம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. சாவு வீட்டுக்குப் போகும்போது இது என்ன புத்தி என்று வெட்கப்பட்டார், ஆனால் அது போகவில்லை. தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. "ஹோய்" மட்டும் சொல்லவில்லை. கால்களைத் தூக்கிக்கொண்டார்.

ஊர்த்தெரு முனை வந்தது. மேளச் சத்தம் கேட்டது. கால் பெடலை விட்டு நழுவப் பார்த்தது. ஆரோக்கியராஜ் அதைத் திரும்பப் பெடலில் வைத்து அழுத்தினார். சாக்கைத் தலையிலேயே வைத்துக்கொண்டு, ஊர்த்தெருவில் சைக்கிளை மிதித்துக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் வாசல்களில் நின்றவர்கள் வழி விட்டார்கள். பந்தல் வரைக்கும் போய்த்தான் இறங்கினார். சொந்தக்காரர்களின் பைக்குகள் நின்ற வரிசையில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

உள்ளே போய் வெள்ளையம்மாளுக்கு மாலையைச் சாத்திவிட்டு வந்தார். பந்தலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாண்டவராயன் இரண்டு கைகளையும் நீட்டினார். ஆரோக்கியராஜ் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கையும் ஜில்லென்று இருந்தது.

"இந்த மழையில சைக்கிள்லயா வந்தீங்க?" என்றார் தாண்டவராயன்.

"ஆமாண்ணே."

தாண்டவராயன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஆரோக்கியராஜ் ஈரத்தோடேயே உட்கார்ந்தார்.